முதல் வரிசையில் ஓர் இடம்

“ஒவ்வொரு நூற்றாண்டின் தலைப்பிலும் மார்க்கத்தைப் புதுப்பிக்க ஒருவரை அல்லாஹ் அனுப்புவான் என்று நபியின் ஹதீஸ் இருக்கிறது. இந்த நூற்றாண்டுக்குரியவர் யார்? அவரை எப்படித் தெரிந்துகொள்வது?”

கேட்டவர் மௌலவி உமைர். ஐம்பதைத் தாண்டியவர். அரபு நாட்டில் படித்து, அங்கேயே பல காலம் கற்பித்துவிட்டு ஊர் திரும்பியவர்.

கேட்கப்பட்டவர் நெய்னா லெப்பை. வயதில் அவரைவிட இளையவர். செம்மண் தேரி மேட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சின்னப் பள்ளிவாசலில் இமாம். எந்த ஊரில் எந்தப் பிளவு வந்தாலும் அவர் சொல்லை இரண்டு தரப்பும் தட்டாது என்று பெயர். அதற்காகவே உமைர் பஸ் மாறி பஸ் மாறி வந்திருந்தார்.

லெப்பை கோரைப்பாய் ஒன்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க காக்கா,” என்றார்.

அந்தக் கடற்கரையில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உமைரை யாரும் அப்படிக் கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அவருடைய ஊரில் அவர் தம்பி. அவருடைய ஆட்களுக்கு அவர் ஹஜ்ரத்.

அவர் முனையைப் பிடித்தார்.

பாய் முழுக்கப் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. ஓரிடத்தில் மட்டும் நைந்து, நார் நாராகத் தொங்கியது.

“இந்தக் கேள்வி உங்களுக்கு எதுக்கு?” என்று லெப்பை கேட்டார்.

உமைர் சொன்னார். ஊரில் அவருடைய ஆட்கள் பழைய பள்ளியை விட்டு வெளியே வந்து ஒரு கொட்டகையில் தொழுகிறார்கள். இப்போது மனை வாங்கிவிட்டார்கள். நாளை வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அடிக்கல். கல்லில் அவர் பெயரை வெட்டி, அதற்கு முன்னால் முஜத்தித் என்றும் வெட்டியிருக்கிறார்கள். மார்க்கத்தைப் புதுப்பிப்பவர் என்று பொருள். அவர் வெட்டச் சொல்லவில்லை. வேண்டாமென்றும் சொல்லவில்லை.

கல் விழுந்துவிட்டால் ஊர் இரண்டுதான். பெண் கொடுப்பது, மையித்து எடுத்து அடக்குவது எல்லாம் தனித்தனி. அவருடைய ஒரே அண்ணன் கலீல் அந்தப் பக்கம்.

“கட்டலாமா, கூடாதா? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.”

லெப்பை பாயைக் கயிற்றால் கட்டினார்.

“நீங்க கேட்ட ஆள் வந்தா எங்க நிப்பார்?”

“முன்னால்தான். இமாமாக.”

“அது என் இடமாச்சே காக்கா,” என்றார் லெப்பை. “எனக்குச் சம்பளம் வர்ற வழியே அது ஒண்ணுதான்.”

உமைர் சிரிக்கவில்லை.

“அஸர் தொழுகைக்கு நேரமாச்சு. கை கால் கழுவி ஒளு செஞ்சுட்டு வாங்க.”

*

படகுக்காரர்களும் உப்பளத்து ஆட்களும் வந்தார்கள். பள்ளி நிறைந்தது. லெப்பை திரும்பி நின்று, வரிசையை நேராக்கிக்கொள்ளுங்கள், இடைவெளி விடாதீர்கள் என்றார்.

முதல் வரிசையின் நடுவில், அவருக்கு நேர் பின்னால், ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

யாரும் அசையவில்லை.

லெப்பை கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பித் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார்.

உமைர் இரண்டாம் வரிசையில், அந்த இடத்துக்குப் பின்னால் நின்றார். தொழுகை முழுக்க அவருடைய கண் அங்கேயே போனது. ஆளில்லாத இடம் என்றால் காற்று வர வேண்டும். முன்பக்க ஜன்னலிலிருந்து அடித்த காற்று இரண்டு பக்கத்து ஆட்களின் சட்டையையும் படபடக்க வைத்தது. அந்த இடத்துக்கு நேர் பின்னால் நின்ற அவருடைய சட்டை மட்டும் ஆடவில்லை.

ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் பக்கத்திலிருந்த உப்பளத்து ஆளிடம் கேட்டார்.

“அது வர்றவருக்கு,” என்றார் அந்த ஆள். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டதுபோல எழுந்து போனார்.

உமைர் நேரே லெப்பையிடம் வந்தார்.

“இது பித்அத். மார்க்கத்தில் இல்லாத புதுவழக்கம். வரிசையில் இடைவெளி விடக்கூடாது என்பது பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். புதுப்பிக்க வருகிறவருக்காக நபிவழியான ஒரு சுன்னத்தைத் தினமும் ஐந்து வேளை உடைக்கிறீர்கள்.”

“ஆமா,” என்றார் லெப்பை.

“ஆமாவா?”

“எங்க வாப்பாவும் தப்புன்னுதான் சொல்லிட்டு இருந்தார். சொல்லிச் சொல்லியே மௌத்தாகி மண்ணுக்கும் போயிட்டார். நானும் வேளைக்கு வேளை சொல்றேன். யாரும் நிக்க மாட்டேங்கிறாங்க.”

“ஏன்?”

“நின்னவங்க ரெண்டாந்தடவை நிக்கிறதில்ல.”

லெப்பை அவரைப் பள்ளியின் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். சுவரோரம் சுருட்டிய பாய்கள் சாய்ந்து நின்றன. ஒன்றை விரித்துக் காட்டினார். இன்னொன்றையும் விரித்தார்.

எல்லாம் ஒரே இடத்தில் நைந்திருந்தன. நெற்றி படும் இடம். கை இரண்டும் ஊன்றும் இடம். முழங்கால் இரண்டும் படும் இடம்.

“எலி,” என்றார் உமைர்.

“இருக்கலாம்.”

“இல்லாவிட்டால் ஈரம். கீழே ஊற்று இருக்கும்.”

“இருக்கலாம். ஈமான்ங்கிற நம்பிக்கைகூட நெஞ்சுக்குள்ள துணி மாதிரி நைஞ்சு போகும், புதுப்பிச்சுத் தரச்சொல்லிக் கேளுங்கன்னு ஹதீஸ்ல வருதே, உங்களுக்குத் தெரியும். எனக்கு அதுல ஒரு சந்தேகம். துணி சும்மா கெடந்தா நைஞ்சு போகுமா, உடுத்துனா நைஞ்சு போகுமா?”

உமைர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். லெப்பை பாய்களைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்.

*

“உங்க ஊர்ல சண்டை எதுல ஆரம்பிச்சுது?”

இருவரும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்கள். தேரியிலிருந்து காற்று கிளம்பியிருந்தது. சிவப்பு மணல் தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது.

“கால்,” என்றார் உமைர்.

அதைச் சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது. வரிசையில் நிற்பவர்கள் தோளோடு தோளும் காலோடு காலும் சேர நிற்க வேண்டும். ஊரில் யாரும் அப்படி நிற்பதில்லை. ஆளுக்கு ஒரு சாண் விட்டு, மாப்பிள்ளை ஊர்வலத்தில் நிற்பதுபோல நிற்பார்கள். உமைர் திரும்பி வந்ததும் முதலில் அதைத்தான் எடுத்தார். சுண்டுவிரலோடு சுண்டுவிரல் பட வேண்டும் என்றார். நிறையப் பேர் கேட்டார்கள்.

ஒரு ஜும்ஆவில் அவர் அண்ணனுக்கு வலப்பக்கம் நின்றார். தன் இடது காலை அண்ணனின் வலது காலோடு சேர்த்தார். அண்ணன் காலை இழுத்துக்கொண்டார். உமைர் நகர்ந்தார். அண்ணனும் நகர்ந்தார். உமைர் விடவில்லை. இமாம் தக்பீர் கட்டுவதற்குள் அண்ணன் இடப்பக்கச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“எல்லார் முன்னாடியும் என்னைத் தள்ளிட்டியேடா,” என்று அண்ணன் கேட்டார். தள்ளியது நானல்ல, சுன்னத்திலிருந்து விலகியது நீங்கள் என்று உமைர் சொன்னார். அடுத்த வாரம் கொட்டகை போட்டார்கள்.

லெப்பை மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் காலை இழுத்தார்?”

“பிடிவாதம். காலுறை வேறு மாட்டியிருந்தார். நான் வந்து நிற்பேன் என்று தெரிந்தே மாட்டியது. அத்தரை வேறு அள்ளிப் பூசியிருந்தார், பக்கத்தில் நிற்க முடியவில்லை.”

“வெயில் காலமா?”

“சித்திரை.”

“சித்திரையில காலுறை.”

உமைர் தன் செருப்பைச் சரியாகத் திருப்பி வைத்தார்.

“ஏன்னு கேட்டீங்களா?”

“நான் ஆதாரம் சொன்னேன்.”

லெப்பை எழுந்து பின்பக்கம் ஒட்டிய மணலைத் தட்டினார். அந்தித் தொழுகையான மஃரிபுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்வர வேண்டும் என்றார்.

“நீங்க இருங்க. எலி வந்தா பிடிச்சு வைங்க.”

*

உமைர் வாசல்படியில் பள்ளிக்குள் பார்த்தபடி உட்கார்ந்தார். உள்ளே வர அந்த ஒரு வழிதான். ஜன்னல்களில் கம்பி.

காற்று அவரைத் தாண்டி உள்ளே போய் மணலைப் பரப்பியது. மாவு சலித்ததுபோல மெல்லிய மணல். முதலில் பாய்களின் கோடுகள் மறைந்தன. பிறகு தரைக்கும் பாய்க்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று. வெளிச்சம் சிவப்பாகி, மணலும் சுவரும் ஒரே நிறத்தில் இருந்தன.

எலி வரவில்லை. எதுவும் வரவில்லை.

காற்று சட்டென்று நின்றது. கடல் சத்தமும் கேட்கவில்லை.

முதல் வரிசையில், அந்தக் காலி இடத்தில், இரண்டு பாதத் தடங்கள் இருந்தன. விரல்கள் தொழும் திசையான கிப்லாவை நோக்கி.

அவர் கண்ணை எடுக்கவேயில்லை. எப்போது விழுந்தன என்று அவருக்குத் தெரியவில்லை.

வந்த தடம் இல்லை. போன தடமும் இல்லை.

அவர் குர்ஆன் ஓதத் தொடங்கினார். தெரிந்த சூரா பாதியில் மறந்து போயிற்று.

லெப்பை துடைப்பத்தோடு வந்தார். ஓரத்திலிருந்து கூட்டிக்கொண்டே வந்தார். தடங்களையும் மற்ற மணலைப் போலவே கூட்டித் தள்ளினார்.

“நீங்கள் பார்த்தீர்களா?”

“கூட்டிட்டுத்தானே தொழணும்,” என்றார் லெப்பை.

“அவர்தானா? வரவேண்டியவரா?”

“வரவேண்டியவர்னா வர்ற தடம் இருக்கணுமே காக்கா.” மணலை முறத்தில் அள்ளினார். “தப்புன்னு சொன்னீங்கள்ல. நிரப்புங்க.”

*

மஃரிபுக்கு லெப்பை, வரிசையை நேராக்கிக்கொள்ளுங்கள் என்றார். உமைர் இரண்டாம் வரிசையிலிருந்து முன்னால் வந்து அந்த இடத்தில் நின்றார்.

அவருக்கு இடப்பக்கம் நின்ற ஓர் உப்பளத்து ஆள் மெல்ல ஓர் அடி தள்ளிப் போனார். அவருக்கு அடுத்தவரும் தள்ளிப் போனார்.

இடைவெளி நிரம்பவில்லை. நகர்ந்து, உமைரின் இடப்பக்கம் வந்து நின்றது.

உமைர் வழக்கம்போல இடது காலைக் கொஞ்சம் அகட்டினார். தொடுவதற்கு அங்கே யாருமில்லை என்று தெரிந்தும் அகட்டினார். அவ்வளவு பழக்கம்.

லெப்பை தக்பீர் கட்டினார்.

ஃபாத்திஹா சூரா ஓதும் நடுவில் ஒரு கால் வந்து அவர் காலோடு சேர்ந்தது.

ஈரமணலில் கால் வைத்ததுபோல ஒரு குளிர்ச்சி. முதலில் குதிகால் பட்டது. பிறகு பாதத்தின் ஓரம். பிறகு அவருடைய சுண்டுவிரல் அந்தக் காலின் சுண்டுவிரலைத் தேடிற்று. அங்கே ஒன்றும் இல்லை. வழவழவென்று ஒரு பள்ளம் மட்டும்.

ஆமீன் சொன்னபோது அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் கரகரத்த ஒரு குரல் கூடச் சொன்னது.

அத்தர் வாசனை வந்தது. மல்லிகை. அதற்கு அடியில், அத்தர் மூட முயன்ற வேறொரு வாடை.

ஸுஜூதில் குனிந்தபோது அவர் நெற்றி பட்ட இடத்தில் பாய் அதற்குள் நைந்திருந்தது. அந்த இடம் ஈரமாக இருந்தது.

தொழுகை முடிந்து வலப்பக்கம் ஸலாம் கொடுத்தார். இடப்பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் திரும்பாமல் தொழுகையை எப்படி முடிப்பது? திரும்பினார்.

யாருமில்லை. அவருக்கும் உப்பளத்து ஆளுக்கும் நடுவே காலியான பாய். கூட்டியதில் மிஞ்சிய மணல் அதில் லேசாகப் படிந்திருந்தது. அதில் இரண்டு தடங்கள்.

வலது தடத்தில் நான்கு விரல்கள்தான் இருந்தன.

*

எல்லோரும் போகும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு எழவில்லை.

“யார் அது?” என்றார்.

லெப்பை கிப்லாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார்.

“வந்தப்போ நூற்றாண்டுக்கு ஒருத்தரைக் கேட்டீங்க. இப்போ பக்கத்துல நின்னவரைக் கேக்குறீங்க.”

“என்னோடு விளையாடாதீர்கள் லெப்பை. அந்தக் கால் என் காலில் பட்டது.”

“எனக்கும்தான் பட்டுச்சு.”

“நீங்களும் நின்றிருக்கிறீர்களா?”

“வாப்பா மௌத்தான வருஷம். எனக்கு வேற கால்.”

லெப்பை தஸ்பீஹைக் கீழே வைத்தார். சாதாரணமாக விசாரிப்பதுபோலக் கேட்டார்.

“உங்க காக்காவுக்கு உடம்பு எப்படி?”

“நன்றாகத்தான் இருப்பார்.”

“இருப்பாரா?”

உமைர் தன் இடது காலைப் பார்த்தார். பாதத்தின் ஓரம் இன்னும் குளிர்ந்திருந்தது. கையால் தேய்த்தார். சூடு வரவில்லை.

“கட்டலாமா கூடாதா என்று நீங்கள் சொல்லவேயில்லை.”

“விடியக்காலையில முதல் பஸ் இருக்கு. ஜும்ஆவுக்குப் போய்ச் சேந்துடலாம்.”

“எந்த ஜும்ஆவுக்கு?”

லெப்பை எழுந்து விளக்கை அணைத்தார்.

*

பஸ் நிலையத்தில் வேன் நின்றது. கூரையில் ஒலிபெருக்கி. உள்ளே வெள்ளைத் துணி போர்த்திய கல்.

ஜலால் ஓடிவந்து அவருடைய பையை வாங்கினான். கொட்டகைக்காரர்களில் அவன்தான் அவருக்கு வலதுகை.

“லெப்பை என்ன சொன்னார் ஹஜ்ரத்? சரின்னுட்டார்ல?”

“விளக்கை அணைத்தார்.”

ஜலால் இதற்கு எப்படி முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றான்.

“ஜலால், கலீல் காக்காவுக்குக் காலில் என்ன?”

“சர்க்கரைதான். புண் ஆறாம சுண்டுவிரலை வெட்டிட்டாங்க. அப்பவே ஊரெல்லாம் பேசுனாங்களே ஹஜ்ரத், உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.” கல்லைக் காட்டினான். “ஒரு தடவை பாத்துடுங்க. எழுத்து நல்லா விழுந்திருக்கு.”

பாங்கு கேட்டது. பழைய பள்ளியிலிருந்து ஒன்று. கொட்டகையிலிருந்து ஒன்று. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இரண்டும் புரியவில்லை.

உமைர் நடந்தார். ஜலால் வேன் இந்தப் பக்கம் நிற்கிறது என்று இரண்டு தரம் கூப்பிட்டான். அப்புறம் கூப்பிடவில்லை. அவர் போன பாதை எதுவென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

பழைய பள்ளியில் அவர் நுழைந்தபோது குத்பா உரை முடியும் நேரம். சிலர் நிமிர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வாசல்வரை ஆட்கள். இடமில்லாதவர்கள் வெயிலில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

தொழுகைக்காக எல்லோரும் எழுந்தார்கள்.

அப்போதுதான் அவர் பார்த்தார். அத்தனை கூட்டத்திலும் முதல் வரிசையில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அதற்கு இடப்பக்கம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவருடைய அண்ணன் நின்றார்.

இமாம், இடைவெளி விடாதீர்கள் என்றார். யாரும் அந்த இடத்துக்கு நகரவில்லை.

உமைர் தோள்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

பாய் புதியது. கோரை வாசனைகூட இன்னும் போகவில்லை. அந்த ஓர் இடத்தில் மட்டும் நெற்றி படும் இடமும் முழங்கால் படும் இடமும் நைந்து, நார் நாராகக் கிடந்தன.

அவர் நின்றார். கீழே பார்த்தார்.

அண்ணன் காலில் காலுறை இல்லை. வலது பாதத்தில், சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில், வழவழவென்று ஒரு பள்ளம்.

உமைர் தன் காலைச் சேர்க்கவில்லை. கொஞ்சம் இடம் விட்டு நின்றார். அந்தப் பள்ளத்துக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு.

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. கைத்தடியை மெதுவாகக் கீழே படுக்க வைத்தார். பிறகு அவருடைய கால் நகர்ந்து வந்தது. முதலில் குதிகால் பட்டது. பிறகு பாதத்தின் ஓரம்.

அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது.

“தினமும்தான் வந்து நிக்கிறே,” என்றார் அண்ணன், கிப்லாவைப் பார்த்தபடி. “இன்னைக்குத்தான் கால் சூடா இருக்கு.”